திரையின் மூலையில் ஒரு M

என்னங்க,

எழுப்ப மனம் வரவில்லை. முதல் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். சாவியைப் பக்கத்து வீட்டு நல்லம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் பதுளைக்குக் கிளம்புங்கள்.

நேற்றுப் பயிற்சிக் கணக்கில் நிலத்தின் பரப்பு ஏன் பிழையாக வந்தது என்று இப்போதுதான் பிடிபட்டது. நீங்கள் போட்ட கணக்கு சரி. கால்குலேட்டர் திரையின் மூலையில் சின்னதாக ஒரு M நின்றது. "M-னா மறதியா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு நீங்கள் AC-ஐ அமுக்கினீர்கள். அது திரையை மட்டும்தான் துடைக்கும். M என்றால் மறதி இல்லை, நினைவு; முந்தைய விடை உள்ளேயே கிடந்தது. M+ அமுக்கியதும் புதிய விடை அதோடு சேர்ந்து கூடிவிட்டது. நான் சிரித்திருக்கக் கூடாது.

அதன் பிறகு வந்த நம் சண்டையும் அப்படித்தான், பழையதெல்லாம் சேர்ந்து கூடிக்கொண்டே போனது. உங்களிடம் சொல்லாமல் எப்போதோ நான் போன மடுல்சீமைப் பயணத்தை நீங்கள் இழுத்தீர்கள். நம் கல்யாணத்துக்கு வராத உங்கள் அண்ணனை நான் இழுத்தேன்.

இன்று பரீட்சையில் ஒவ்வொரு நிலத்தையும் கூட்டத் தொடங்கும் முன் 0, SHIFT, STO, M+ என்று வரிசையாக அமுக்குங்கள். M மறைந்துவிடும். நில அளவை உதவியாளர் வேலை உங்களுக்குத்தான் என்று என் மனம் சொல்கிறது.

சிவசக்தி

பி.கு. கோணம் வந்தால் திரையில் டிகிரிக்கான D இருக்கிறதா என்று பாருங்கள். R இருந்தால் விடை பிழையாகிவிடும்.

இன்னொன்று. "படிச்ச திமிரு" என்றீர்களே, அதை நான் AC போட்டுத் துடைக்கவில்லை. 0 போட்டே அழித்துவிட்டேன். சாயங்காலம் வந்து என் முகத்தில் M தெரிகிறதா என்று பாருங்கள்.