மெல்லப் பாடும் பெட்டி

சேசு மரி சூசை துணை

ஆவூர், 1966, தவக்காலம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

கிதாருக்குப் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிட்டேன். திருச்சிக் கடையில் இரண்டு இருந்தன. பெரியதில் ஒரு கம்பியைத் தட்டியதும் கண்ணாடி அலமாரியே அதிர்ந்தது. சின்னதில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனேன்.

"எல்லாரும் கூட்டித்தான் பாப்பாங்க. நீங்க என்னங்க, கொறைக்கிறீங்க?" என்றார் கடைக்காரர்.

எவ்வளவு குறைத்தாலும் அதன் இனிமை குறையவில்லை, மாப்பிள்ளை! அதையே எடுத்துக்கொண்டேன்.

பங்குச் சாமியார் பெட்டியை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தார். பெட்டியின் பின்பக்கம் கண்ணாடி வால்வுகள் தணல் மாதிரிச் சிவந்திருந்தன. அவர் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியதும், சூட்டில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடுமே என்று பதறிப்போய் என் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். துண்டு தொப்பலாக நனைந்தது.

"ஆசீர்வாதம் பூரா ஒந் துண்டுக்குத்தான்யா போச்சு" என்று சிரித்தார்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு உன் குரல் காற்றாக வருகிறதென்றும், இனிப் பாடவே மாட்டேன் என்கிறாய் என்றும் தங்கச்சி எழுதியிருந்தாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் மைக் செருக இன்னொரு துளை இருக்கிறது. நேற்று ரகசியம் பேசுகிற குரலில் ஒரு பாட்டுப் பாடிப் பார்த்தேன். கோவில் திடலின் கடைசிவரை கேட்டதாம்.

ஈஸ்டருக்கு நம்மூரில் போடும் பாஸ்கா நாடகத்தில் பாட அந்த மைக்கை வேறு யாருக்கும் தருவதாக இல்லை.

துண்டைத் துவைக்காமல் இத்துடன் அனுப்புகிறேன். கழுத்தில் சுற்றிக்கொண்டு வா.

உன் வரவுக்காகப் பெட்டியோடு காத்திருக்கும்,
மச்சான்