ஆறு அடுக்குக்கு ஏற்ற மிஷின்

நவம்பர் 4, செவ்வாய். புத்தூர்.

காலையிலிருந்து தூறல். நீதிமன்றத்தில் இரண்டு வழக்கு, இரண்டும் வாய்தா. பகலிலேயே வீடு. மனைவி விமலாவுக்குத் தையல் மிஷின் தெரிவு செய்யும் பொறுப்பு இன்று முறைப்படி என்னிடம் வந்து சேர்ந்தது.

நிலவரம்: சந்திரகிரி முதியோர் இல்லத்துக்கு, மார்கழி பிறப்பதற்குள் பன்னிரண்டு பொந்தா தைத்துத் தருவதாக வி. வாக்களித்திருக்கிறாள். பழைய நூல் சேலைகளை ஆறு அடுக்காக வைத்து நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்ட போர்வை. கையாலேயே மூன்று முடித்தாள். அதற்குள் வலது கட்டைவிரல் மரத்துவிட்டது. மணிக்கட்டு நரம்பு. இனி மூன்று மாதம் கை ஊசியைத் தொடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

மீதி ஒன்பது. கூடத்தில் தெருவே கொடுத்த சேலை மூட்டைகள், நடக்க வழியில்லை. வாக்களிக்குமுன் என்னைக் கேட்டிருக்கலாம். நான் என்ன சொல்வேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

பரிசீலனையில் மூன்று கம்பெனி. பெயர்களை எழுதப்போவதில்லை, நாட்குறிப்பும் ஆவணம்தான்.

அ: ஜப்பான் பெயர், கம்ப்யூட்டர் மாடல். நூற்றுக்கும் மேல் தையல் வகை. இரண்டாண்டு வாரண்டி, எழுத்துப்பூர்வமாக.
ஆ: கறுப்பு இரும்புத் தலை, தனி மோட்டார். வாரண்டி, கடைக்காரரின் வாய்மொழி.
இ: பார்க்க அழகு. ஊசிக்கும் தண்டுக்கும் நடுவே சுருட்டிய பொந்தா நுழைய இடமில்லை. நீக்கம்.

கடையில் கேட்கப் பதினான்கு வினாக்கள் தயாரித்தேன்.

வி.: "கம்பெனி எதுனா இருக்கட்டுங்க. ஆறு மடிப்பு தைக்குதா? அத்த மட்டும் கேளுங்க."

அது ஏழாவது வினாவாக ஏற்கெனவே இருக்கிறது என்றேன்.

நவம்பர் 8, சனி.

இரண்டாம் சனி, விடுமுறை. வி.யுடன் பஸ்ஸில் திருப்பதி. வெயில், புழுக்கம், தரிசனக் கூட்டம்.

கடைக்காரர், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு: "லாயர் காரு, மீரு கூச்சோண்டி. மேடம் இதுல பூ போடலாம், இலை போடலாம், பேரு கூட எழுதும் சார்!"

வி. ஊசி எண் கேட்டாள். பதில் என் முகத்தைப் பார்த்து. அழுத்தம் குறைக்க முடியுமா என்று கேட்டாள். அதற்கும் என் முகம். ஓட்டப்போவது அவர்தான் என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை குரல் உயர்ந்தது. மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சோதனைக்கு எடுத்தது கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, இரண்டு மடிப்பு. யாரை ஏமாற்ற? வி. பையிலிருந்து தன் ஆறு அடுக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். "உள்ள மெக்கானிக் தெச்சி தருவாரு மேடம்." பத்து நிமிடம். திரும்பி வந்த துண்டில் நான்கு வரி, முத்து முத்தாக.

வி. என் காதில்: "கண்ணு முன்னாடி தெக்கலையே."

நியாயமான ஆட்சேபம். அதனால்தான் பில்லில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: 'ஆறு அடுக்குப் பொந்தா தைக்கும் பொருட்டு வாங்கப்பட்டது.' சிரித்துக்கொண்டே கையெழுத்தும் முத்திரையும் போட்டார். 'அ' வாங்கியாயிற்று.

பஸ்ஸில் வி.: "அந்தக் கறுப்புத் தலைய ஒரு தபா ஓட்டியாவது பாத்திருக்கலாம்."
"அதற்குக் காகிதம் கிடையாது."
"நான் காகிதமா தெக்கப் போறேன்?"

வடமாலைப்பேட்டை வரை பில்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நவம்பர் 10, திங்கள்.

மழை. காலை ஏழரைக்கு நான்காவது பொந்தாவை மிஷினில் ஏற்றினாள். இரண்டாவது வரியிலேயே தையல் தாவுகிறது. ஊசி உடைந்தது. புது ஊசி, அதுவும். பிறகு திரையில் ஏதோ ஓர் எண், விடாமல் 'பீப்'. கையேட்டின்படி அந்த எண்ணுக்குப் பொருள்: 'விற்பனையாளரை அணுகவும்.'

அணுகினேன். ஒன்பது அழைப்புகளுக்குப் பின் எடுத்தார்.

"சார், அது ஹெவி யூஸ். வாரண்டி வீட்டு உபயோகத்துக்குத்தான்."
"வீட்டில் வைத்துத்தான் உபயோகிக்கிறோம்."
"பொந்தாவுக்குன்னு நீங்களே பில்லுல எழுத வெச்சீங்களே சார். நானா எழுதினேன்?"

கைபேசியை வைத்த பிறகும் காது சூடாக இருந்தது. சட்டப்படி அந்த வரி எனக்கே சாதகம்: நோக்கத்தை அறிந்தே விற்றிருக்கிறார். ஆனால் அதை நிலைநாட்ட நுகர்வோர் ஆணையம், நிபுணர், தேதிக்கு மேல் தேதி. இன்றைய நிலையில் அவர் என் வாசகத்தைப் பிடித்துக்கொண்டுதான் என்னை மறுக்கிறார். முப்பத்தோர் ஆண்டு வழக்கறிஞர் தொழில்! மதியம் சாப்பிடவில்லை.

வி. உடைந்த ஊசித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குறை சொல்லியிருந்தால் பதில் சொல்லித் தீர்த்திருப்பேன்.

நவம்பர் 12, புதன்.

சித்தூர். நுகர்வோர் ஆணைய அலுவலகத்தில் விசாரித்தேன். நிபுணர் பார்க்கும்வரை மிஷினை இருந்தபடியே வைக்க வேண்டும்; திறக்கவோ பழுதுபார்க்கவோ கூடாது. சரியான நடைமுறை. கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன், பதினொரு பத்தி. ஒன்பதாவது: 'மேற்படி மிஷின் எவ்வித மாற்றமுமின்றி என் வசம் உள்ளது.'

வீடு திரும்பியதும் மிஷினைப் போர்வையால் மூடி, டேப் ஒட்டி, டேப்பின் மேல் தேதியுடன் கையெழுத்திட்டேன்.

வி.: "எத்தினி நாளு இப்படி?"
"ஓராண்டு ஆகலாம்."
"மார்கழிக் குளிரு வாய்தா வாங்கிக்கினு போயிடுமா?"

உள்ளே போய்விட்டாள். சற்றுப் பொறுத்துப் பார்த்தால், இடது கையில் ஊசி. கோணல் கோணலாகத் தையல். இடது ஆள்காட்டி விரலில் ரத்தம். டாக்டர் சொன்னதை நினைவூட்டினேன். அவர் வலது கையைத்தான் சொன்னார் என்றாள். இந்த வாதத்தை வேறு யாராவது வைத்திருந்தால் பாராட்டியிருப்பேன். எனக்கு வந்தது ஆத்திரம். பேனாவை மேசையில் அடித்து வைத்தேன். முனை வளைந்தது. இதைப் பென்சிலால் எழுதுகிறேன்.

நவம்பர் 14, வெள்ளி.

தெளிந்த வானம். பின் தெருவில் ரவிக்கை தைக்கும் மும்தாஜ் வந்திருந்தாள். வி.யின் சிநேகிதி, வாய் அதிகம். மூடிய மிஷினைப் பார்த்து:

"இன்னாண்ணா, பொண்ணு பாக்க வராங்களா? முக்காடு போட்டு உக்கார வெச்சிக்கினு கீறீங்க!"

வழக்குக்குரிய பொருள், யாரும் தொடக்கூடாது என்றேன்.

"இது ரெண்டு மடிப்புக்கு ராஜாண்ணா. ரவிக்கைக் கழுத்துல பூ போட இந்த மாடலத்தான் நான் தேடிக்கினு இருக்கேன். ஆறு மடிப்ப இதும்மேல ஏத்தினா அது என்னா பண்ணும், பாவம்."

பாவம் மிஷினுக்காம்! வி. சிரித்தாள், பத்து நாளில் முதல் முறையாக. எனக்குச் சிரிக்க ஒன்றுமில்லை.

நவம்பர் 17, திங்கள்.

நீதிமன்றத்திலிருந்து மாலை நாலரைக்குத் திரும்பினேன். தெருமுனையிலேயே தடதடவென்று சத்தம்.

கூடத்தில் போர்வை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. டேப் குப்பைக்கூடையில், என் கையெழுத்து இரண்டு துண்டாக. மிஷின் இல்லை. அந்த இடத்தில் வேறொன்று: மூடிவிட்ட ஏதோ கார்மென்ட்ஸிலிருந்து மும்தாஜ் வாங்கி வைத்திருந்தது. பச்சை பெயின்ட் உரிந்து, எண்ணெய் வடிந்துகொண்டு. எந்தக் கம்பெனி என்று பார்த்தேன். பெயர்த் தகடே இல்லை. தகடு இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டை.

"விமலா, அது எங்கே?"
"மும்தாஜ் எடுத்துக்கினு போயிட்டா. அது அவளுக்கு, இது எனக்கு. சரிக்கு சரி."
"ரசீது?"
"எதுக்கு? பின் தெருவுலதான இருக்கா."
"என் வசம் உள்ளது என்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். அது இப்போது பொய்! நான் கையெழுத்திட்ட பொய்!"
"அனுப்பறப்ப நெஜந்தானே?"

கத்தினேன். எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஒரு வார்த்தை கேட்டாயா என்றேன். "கேட்டா பதினாலு கேள்வி கேப்பீங்க," என்றாள். காலை மிதியிலிருந்து எடுக்காமலேயே சொன்னாள். ஆறு அடுக்கும் ஊசிக்கடியில் போய்க்கொண்டே இருந்தது. ஒரு தையல்கூடத் தாவவில்லை. குனிந்து பார்த்தேன், குறை கண்டுபிடிக்க.

நோட்டீஸை வாபஸ் பெற வேண்டும். எழுத உட்கார்ந்தேன். 'கீழ்க்கண்ட காரணங்களால்' என்பதற்குக் கீழே எழுதத்தக்க காரணம் வரவில்லை. அந்தக் கடைக்காரர் இதைப் படித்துச் சிரிக்கப்போகிறார்.

"என்னாங்க, இப்படி வாங்க. அந்தப் பக்கம் தூக்கிப் புடிங்க, பாரம் இழுக்குது, கோடு வளையுது."

கோபம் தீரவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டே பிடித்தேன். கை வலிக்க ஒன்றரை மணி நேரம். நான்காவது பொந்தா, முக்கால்.