கதவில் ஒட்டச் சொன்ன காகிதம்

பொன்னேரி, 1957 ஆவணி, புதன்கிழமை

இந்நேரத்தில் விளக்கேற்றியதற்கு, தூங்கும் பாப்பா, அம்மாவை மன்னித்துக்கொள். மனசு ஆறவில்லை.

"குடியை விட்டவன் ஒருத்தனைக் காட்டு, நானும் விட்டுடறேன்" என்று நேற்று உன் அப்பாவே சொன்னார். அதை நம்பி இன்று மதுவிலக்குப் பிரசாரக் குழுவின் காரியதரிசியைப் போய்ப் பார்த்தேன். விட்டவர்கள் யாரையாவது தெரியுமா என்று கேட்டேன்.

"இன்னாம்மா, சட்டம் வந்தப்புறம் நம்ம ஊர்ல யாரு குடிக்கிறா? உன் ஊட்டுக்காரரா? பேரைச் சொல்லு, எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பிடறேன்" என்று சிரித்தார்.

"விடணும்னு தவிக்கறவரைப் பிடிச்சுக் கொடுக்கவா ஐயா வந்தேன்?"

"நீ பி.ஏ. படிச்சு இன்னா பிரயோசனம்!" என்றவர், 'இது குடியில்லாத வீடு' என்று அச்சடித்த காகிதத்தை நீட்டி, கதவில் ஒட்டச் சொன்னார். பொய்யை வாசலில் ஒட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழவா?

தெருமுனை வரை அந்த ஆபீஸ் பியூன் பின்னாலேயே வந்தார். நரைத்த மனிதர். "திருநின்றவூர்ல ஒரு கம்பவுண்டர் ஊட்ல ஞாயித்துக்கிழம கூடறோம்மா. எல்லாம் வுட்டவங்க. நானுந்தான். காரியதரிசிகிட்ட சொல்லிடாதீங்க" என்று விலாசம் சொன்னார்.

அந்தக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே கம்பவுண்டருக்கு எழுதிவிட்டேன்: "வரும் ஞாயிறு என் கணவரை அழைத்து வரலாமா? பெயர் கேட்காமல் உட்கார விடுவீர்களா? அவர் மனம் மாறுவதற்குள் பதில் போடுங்கள்."