கவலை இல்லாத நாற்பது பேர்

நகரி,
16-2-1958

அன்பு மகள் தபீதாளுக்கு உன் நைனா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். கல்கத்தாவில் நீயும் உன் நெஞ்சுச் சளியும் இதற்குள் பிரிந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் மனோதத்துவப் படிப்புக்காக நீ அனுப்பிய நாற்பது கேள்வித்தாள்களும் இத்துடன் வருகின்றன. ஆந்திரா எல்லை எப்படிப் போகுமோ என்று ஜனங்களுக்கு என்ன கவலை என அறிய வேண்டும், கேள்வியை உள்ளபடி வாசியுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள், தெரிந்தவர்களையே கேட்காதீர்கள் என்று எழுதியிருந்தாய். மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மீறினேன். ஆராதனை முடிந்து வந்தவர்களை வாசலில் நிறுத்தி, எல்லையைப் பற்றி உமக்கு ஒன்றும் கவலை இல்லையே என்று கேட்டேன். பாதிப் பேர் என்னிடம் பிரம்படி வாங்கியவர்கள், சரியான விடை எது என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். மாலைக்குள் முப்பத்தொன்பது பேருக்குக் கவலை இல்லை. நாற்பதாவது தாளை நானே நிரப்பினேன், எனக்கும் இல்லை. இத்தனை பேரை இவ்வளவு சீக்கிரம் கேட்டுவிட உன் முறை நல்ல முறைதான், கேட்ட ஆள்தான் கோளாறு.

அம்மா தாள்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஏசுரத்தினம் கவலை இல்லைன்னாரா? போன வாரந்தான் பையனைத் தமிழ் வகுப்புலருந்து எடுத்துத் தெலுங்கு வகுப்புல சேர்த்துட்டு வந்தாரு" என்றாள். சரி, இனி கேட்காமல் பார்ப்போம் என்று நோட்டும் பென்சிலுமாகப் புத்தூர்ச் சந்தைக்குப் போய், யார் எந்த மொழியில் பேரம் பேசுகிறார்கள் என்று குறிக்க ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில் எல்லைக் கணக்கெடுக்க சர்க்கார் ஆள் வந்திருக்கிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. தெலுங்கில் கத்திரிக்காய் விற்றவர் தமிழுக்கு மாறினார், தமிழில் விற்றவர் தெலுங்குக்கு மாறினார், ஒரு கிழவர் கிணற்றுத் தகராறு மனுவை என் கையில் திணித்தார். நான் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் நன்றாகப் பார்த்திருப்பேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கன்னையா, நமக்கு நெல் கொண்டுவந்து போடுவாரே, அவர்தான். தாளும் இல்லை, கேள்வியும் இல்லை, களைப்பில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவராகவே பேசினார். "பொண்ணைத் திருத்தணி பக்கம் குடுத்துக்கீறேன், நெலம் இங்க கீது. லைன் எங்க போட்டா இன்னா வாத்தியாரே, பஸ்ஸு போவும். நாளைக்கு நெலத்துக் காயிதம் தெலுங்குல வந்தா இன்னா எழுதிக்கீதுன்னு யாரு படிச்சிச் சொல்லுவா? உங்களைத்தான் நம்பிக்கினு கீறேன்" என்றார். ஒரு மனிதர் பேச்சு ஊர்ப்பேச்சு ஆகாது என்று உங்கள் புரொபசர் சொல்லக்கூடும். ஆனால் நாற்பது தாளில் கிடைக்காதது அந்த ஒரு டிக்கெட்டில் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா, "மூணு மாசமா கதவைச் சாத்திக்கினு ஒண்ணாங்கிளாஸ் தெலுங்குப் புஸ்தகத்துல எழுத்து எழுதுறீங்களே, உங்களுக்குக் கவலை இல்லையா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாமல் என்னைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். உனக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மகளே. தெலுங்குத் தேர்வு எழுதித் தேறாவிட்டால் ஜூனில் எனக்கு வகுப்பு கிடையாது என்று பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது. நவம்பரில் சித்தூருக்குப் போய் எழுதித் தோற்றேன், அப்போது ஜுரம் என்று உனக்கு எழுதியது பொய். வருகிற சனிக்கிழமை, ஐம்பத்தொரு வயதில், மறுபடி எழுதப் போகிறேன். என் தாளில் பழைய பதிலை அடித்துவிட்டு, கவலை உண்டு என்று எழுதியிருக்கிறேன். அது ஒன்றை வைத்துக்கொள், மற்றவற்றை நம்பாதே. கோடை விடுமுறைக்கு வந்து நீயே கேள், நான் பக்கத்தில் நிற்கமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெந்நீரில் குளி. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. பதிலைத் தபால் அட்டையில் எழுதாதே, கவரில் போட்டு ஒட்டி அனுப்பு. தபால்காரர் ரங்கையாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும்.

உன் அன்பு நைனா,
தியோடர்