ரிலீஃப் அட்டவணையில் என் பெயர்

வெள்ளவத்தை,
சனி காலை

அன்புள்ள மகள் உஷாந்திக்கு,

மயூரபதி அம்மன் துணையில் நானும் அம்மாவும் சுகம். மெல்பேர்ண் குளிரில் நீயும் மருமகன் பிரியந்தனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. நீ கேட்டதைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நான் ஓம் ஓம் என்றுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன் என்றாய், அது உண்மைதான், எழுதினால்தான் எனக்கு ஒழுங்கு வரும். ஆகவே முதலில் தலைப்புகள்:

1. வீட்டு நிலைமை.
2. பாடசாலை நிர்வாகத்தை ஆசிரியர் எப்படிப் பார்க்கிறார், அலுவலகத்தில் இருப்பவர் எப்படிப் பார்க்கிறார்.
3. உன் பாடசாலையில் உனக்குத் தரும் உதவி அதிபர் பதவியை நீ ஏன் ஏற்கக் கூடாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. லிஃப்ட் மறுபடி பழுது, அதனால் மூன்றாம் மாடியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கித்தான் மரக்கறி வாங்குகிறா. அவ சிங்களத்தில் கேட்க மரக்கறிக்காரர் தமிழில் பதில் சொல்கிறார், இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம். நீ அனுப்பிய மருந்தைப் பூசச் சொன்னால் வாசம் பிடிக்கவில்லை என்கிறா, நீ ஒருமுறை சொல்.

இரண்டாவது. கொட்டாஞ்சேனையில் நான் கணிதம் படிப்பித்த காலத்தில், அலுவலகம் என்றால் காற்றாடிக்குக் கீழே இருந்து பிழை பிடிக்கும் இடம் என்றுதான் ஆசிரியர் ஓய்வறையில் எல்லோரும் கதைப்போம், நானும் தலையாட்டுவேன். பிறகு பிரதி அதிபராக்கினார்கள். வலயக் கல்வி அலுவலகம் மதியத்துக்குள் விபரம் கேட்கும், வாசலில் ஒரு தாய் அழுதுகொண்டு நிற்பா, ஆசிரியர் வராத வகுப்பு கூரை பறக்கக் கத்தும். முன்பு அதிகாரமெல்லாம் அலுவலகத்தில் என்று நினைத்தேன், அங்கே போனபின் அது ஓய்வறையில்தான் இருக்கிறது என்று பட்டது. நான் உள்ளே நுழைந்தால் சிரிப்பு நின்றுவிடும். வராத ஆசிரியருக்குப் பதிலாக யார் போவது என்று காலையில் ரிலீஃப் அட்டவணை எழுதுவது என் வேலை. ஒருவருடைய ஓய்வு நேரத்தைப் பறித்துப் பெயர் எழுதக் கை வராது, என் பெயரையே எழுதிவிட்டு நானே போவேன். அலுவலக வேலை குவியும், அதிபர் ஏசுவார்.

மூன்றாவது. நீ என் பிள்ளை. சின்ன வயதில் உன் பென்சிலை இரவல் வாங்கிய பிள்ளையிடம் திருப்பிக் கேட்கப் பயந்து பேனையால் கணக்குச் செய்துகொண்டு வந்தவள் நீ. நம்மைப் போன்றவர்கள் அந்தக் கதிரையில் இருந்தால் நட்பும் போகும் வேலையும் நடக்காது, வேண்டாம் என்று எழுதிவிடு.

இதுவரை நேற்று எழுதினேன். பின்னேரம் சந்தைக்குப் போன இடத்தில் அஸீஸா ரீச்சரைக் கண்டேன். ரிலீஃப் விடயத்தில், நான் இல்லாத நேரம் ஓய்வறையில் என்னை ஆகக் கூடுதலாக ஏசியவ அவதான், இப்போது முகத்துவாரத்தில் ஒரு சின்னப் பாடசாலையில் அதிபர். உங்களுக்கு ஏசினதுக்குத்தான் சேர் இப்ப நான் ஏச்சு வாங்கிறன் என்று சிரித்தா. எனக்குத் தைரியம் இல்லை ரீச்சர், அதனால்தான் என் பெயரைப் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவ முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு, அதுதான் சேர் எங்களுக்குக் கோவம், சண்ட பிடிக்கவும் வழி வைக்காம நீங்களே போயிருவீங்க, ஒரு நாள் எங்கள்ட்ட கேட்டிருந்தா நாங்க போயிருப்பம் என்றா. தானும் பயந்தவதானாம். அட்டவணையோடு ஓய்வறைக்குப் போய், இன்டைக்கு ஆரு போறீங்க என்று கேட்கிறாவாம். முணுமுணுத்துக்கொண்டு யாராவது எழும்புவார்களாம்.

வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை வாசித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் கொடுக்க வேண்டும், ஆகவே இன்றே ஃபோனில் படம் எடுத்து அனுப்புகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. நீ எந்த முடிவு எடுத்தாலும் எங்கள் ஆசி உன்னோடு இருக்கும்.

மூன்றாவது தலைப்பு பிழை, பிள்ளை. ஆசிரியர்கள் மறுப்பார்கள் என்று அன்று நானே முடிவு செய்தேன், ஒருவரையும் கேட்கவில்லை. உன்னையும் கேட்காமல்தான் பயந்தவள் என்று எழுதிவிட்டேன். உனக்கு விருப்பமா?

அன்பு அப்பா,
பொன்னம்பலம்