நாலு மணிக்கு எடுக்கிறார்கள்

அக்கா,

மேசைமேல் ஒரு தோல் உறை கிடக்கிறது. அறை முழுக்கப் புதுச் செருப்பு வாசனை. நேற்று மாலை அன்னவாசலிலிருந்து திரும்பி வந்து வைத்தது வைத்தபடி இருக்கிறது, பொத்தானைக்கூட மாட்டவில்லை. உள்ளே கேமரா. பத்து வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் ஒன்று வாங்கியிருக்கிறேன். நீ இருந்திருந்தால் என்னை வாசலிலேயே நிறுத்தி, "இது எத்தனாவதுடா?" என்று கேட்டிருப்பாய். மூன்றாவது. இரவல் வாங்கியதையும் சேர்த்தால் நாலாவது.

முதலாவது உனக்கு நன்றாகவே நினைவிருக்கும். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம். ஊரைவிட்டுப் போகிற ஓர் அதிகாரியின் வீட்டில் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உன் கல்யாணச் சீருக்கு ஒரு பீரோ பார்க்க நாம் இருவரும் போனோம். பீரோவின் கதவு சரியாகப் பொருந்தவில்லை என்று நீ அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாய். நான் ஜன்னலோரம் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியைக் கையில் எடுத்தேன். அதற்கப்புறம் பீரோவைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா "பீரோ எங்கடி?" என்று கேட்க, நீ என் கையில் இருந்ததைக் காட்டி, "இதான் ஆத்தா. சேலையெல்லாம் மடிச்சு இதுக்குள்ளதான் வைக்கணுமாம்" என்றாய்.

அந்தப் பெட்டி கேமராவில் போட்ட முதல் சுருளில் எட்டுப் படம். எட்டிலும் நீதான். மூன்றில் உனக்குத் தலை இல்லை. இரண்டில் நீயே இல்லை. கிணற்றடித் துவைகல் மட்டும் வெகு தெளிவாக விழுந்திருந்தது. மிச்சம் மூன்றில் நீ ஆடிவிட்டாய், அல்லது நான் ஆடிவிட்டேன். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு, உன் கல்யாணத்துக்கு வெளியாள் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று அப்பாவிடம் மல்லுக்கு நின்றேன். தாலி கட்டி முடிந்ததும், சுருளை முழுக்கச் சுற்றாமல் பின்கதவைத் திறந்துவிட்டேன். எல்லாம் வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போயிற்று. ஒரு படம்கூடத் தேறவில்லை. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நீ மட்டும் சிரித்தாய். "ஒனக்குக் கேமராவப் பாக்கத்தான்டா தெரியும். ஆளப் பாக்கத் தெரியாது" என்றாய்.

நீ வாழ்க்கைப்பட்டு அன்னவாசலுக்குப் போனாய். நான் புதுக்கோட்டையிலேயே ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர் ஆனேன். இரண்டாவதாக மடக்குக் கேமரா ஒன்று வாங்கினேன். துருத்தி மாதிரி விரியும், மூடினால் சட்டைப்பைக்குள் போகும். அதில் படம் ஓரளவு நன்றாகவே விழுந்தது. அதைப் பார்த்த நாள் முதல் உனக்கு ஒரே நச்சரிப்பு. மாமனார், மாமியார், கொழுந்தன், ஓரகத்தி, பிள்ளைகள் என்று உன் வீட்டில் பதினாலு பேர். எல்லோரையும் நிறுத்தி ஒரு குரூப் போட்டோ எடுத்துக் கொடு என்றாய். இந்தக் கேமராவில் பதினாலு பேர் அடங்காது, உங்கள் வாசல் சிறிது, பின்னால் நகர இடமில்லை, நல்ல கேமரா வாங்கியதும் எடுக்கிறேன் என்றேன். இதை நாலு வருஷம் சொன்னேன், உன்னைத் தனியாகக்கூட அதில் எடுக்கவில்லை. கடைசியாக வந்திருந்தபோது நீ, "இந்த மாசம் எடுக்கலைன்னா இலுப்பூர்லேர்ந்து ஆளக் கூட்டிட்டு வந்துருவேன் பாத்துக்க" என்று மிரட்டிவிட்டு, கையில் முறுக்கையும் கொடுத்து அனுப்பினாய்.

அந்த மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இலுப்பூரிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்த்து, "சார், அன்னவாசல்ல ஒங்க அக்கா வீட்டுல நாலு மணிக்கு எடுக்குறாகளாம். ஒங்கள வரச் சொல்லி ஒங்க அத்தான் சொல்லிவிட்டாக" என்றார். சொல்லிவிட்டு டிக்கெட் கட்டை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? சாவு வீட்டு வாசலில் நின்று, "எப்ப எடுக்குறாக?" என்று நானே எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அது தோன்றவே இல்லை. நீ மிரட்டியது மட்டும்தான் காதில் இருந்தது. சரி, அக்கா நாள் குறித்துவிட்டாள், எல்லோரையும் குளிக்க வைத்து நாலு மணிக்கு நிறுத்தப்போகிறாள் என்று சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். சிரித்தேன், அக்கா. அதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை.

வீட்டில் உட்கார்ந்து மடக்குக் கேமராவை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். துருத்தியின் மடிப்பில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதற்குக் கறுப்பு ஒட்டுப் போட்டேன். பிறகு, இவ்வளவு நாள் காக்க வைத்துவிட்டு இதிலா எடுப்பது என்று தோன்றியது. கீழ ராஜ வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்த சிநேகிதனிடம் பெரிய ஸ்டாண்டு கேமராவை இரவல் கேட்கப் போனேன். அவன் சாப்பிடப் போயிருந்தான். காத்திருந்தேன். பன்னிரண்டு மணி பஸ் போயிற்று. அவன் வந்து, எந்த லென்ஸ் பதினாலு பேருக்குச் சரிவரும் என்று இருவரும் பேசினோம். ஒன்றைப் போட்டுப் பார்த்தோம், கழற்றினோம், இன்னொன்றைப் போட்டோம். இருட்டறையில் படம் விழும் கண்ணாடிப் பிளேட்டுகளைப் பொருத்தி முடித்தபோது இரண்டு மணி பஸ்ஸும் போயிருந்தது. மூன்றரை பஸ் ஏறினேன். நீ தலையில் வைத்துக்கொள்ள மார்க்கெட்டில் மல்லிகைச் சரம் வாங்கியிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை வேறு.

இறங்கி உன் தெருவுக்குள் திரும்பும்போது மணி நாலே முக்கால். உன் வீட்டு வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தது. படத்தில் புழுதி தெரியாமல் இருக்கத் தெளித்திருக்கிறாய் என்று நினைத்தேன். உனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டாம் என்றுகூட நினைத்தேன். பெண்கள் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் கால் நின்றது. உன் ஓரகத்தி எழுந்து வந்து என் எதிரே நின்று, "இப்பத்தான் கொண்டு போனாக. பாக்காமப் போயிட்டீகளே" என்று அழுதாள். விடிகாலையில் கிணற்றடியில் மயங்கி விழுந்தாயாம். தூக்கி வந்து படுக்க வைத்தபோதே உயிர் இல்லையாம். என் கையிலிருந்த பூவை அவள் வாங்கி, உள்ளே ஏற்றியிருந்த விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். உனக்காகத்தான் வாங்கி வந்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது உண்மையும்தான்.

சுடுகாட்டுக்கு ஓடினேன். கேமராப் பெட்டியை ஒரு கையிலும் ஸ்டாண்டைத் தோளிலுமாக வைத்துக்கொண்டே ஓடினேன். எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் என்பதே தோன்றவில்லை. தீ வைத்து முடித்திருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடியைத் திருவரங்குளத்திலிருந்து வந்த சித்தப்பா போட்டுவிட்டாராம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் போட வேண்டிய சேலை அது. அத்தான் என் தோளைப் பார்த்தார். "கேமரா கொண்டாந்தீகளா மாப்ள. நேரமாயிருச்சே" என்றார். துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. ஸ்டாண்டு கேமராவைச் சிநேகிதனிடம் திருப்பிக் கொடுத்தேன். என்னுடையதைத் தகரப்பெட்டியில் போட்டு மூடினேன். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குப் போனேன், வந்தேன், கரும்பலகையில் பூசணிக்காயும் குடமும் வரைந்தேன்.

போன புதன்கிழமை உன் மகள் வந்தாள். அப்போது ஆறு வயது, இப்போது பதினாறு. திருச்சியில் டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். பெட்டி, தட்டு, டம்ளர் வாங்க வந்தவள், சாப்பிடும்போது, "மாமா, எங்க வீட்டு ஆளுகளையெல்லாம் வச்சு ஒரு போட்டோ எடுத்துத் தாங்க. கொண்டு போய்ப் பொட்டிக்குள்ள வச்சுக்கிறேன்" என்றாள். உன்னைப் போல மிரட்டத் தெரியாது அவளுக்கு. சும்மா கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

தகரப்பெட்டியைத் திறந்தேன். மடக்குக் கேமராவின் துருத்தியைப் பூச்சி தின்றிருந்தது. லென்ஸுக்குள் பூஞ்சை வெள்ளை நூலாகப் படர்ந்திருந்தது. மறுநாள் திருச்சிக்குப் போனேன். கடைக்காரர், "வெளிநாட்டுச் சாமான் இப்ப வர்றதில்லை சார். இருக்கிற பழைய ஸ்டாக் இதுதான்" என்று மூன்று கேமராவைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தார். ஒன்று பெட்டி, ஒன்று மடக்கு, மற்றொன்று ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண் வைத்தது. மார்புக்கு நேராகப் பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். பெட்டியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. மடக்கின் துருத்தியை நான் இனி நம்புவதாக இல்லை. இரண்டு கண் வைத்ததில் எல்லாம் சரி, ஆனால் ஷட்டர் மெல்ல விழுகிறதோ என்று சந்தேகம். காதருகே வைத்து அமுக்கி அமுக்கிக் கேட்டேன். பதினாலு பேர் அடங்குவார்களா என்று கடை வாசலில் போகிறவர்களை எண்ணிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம். கடைசியில், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் உன் மகளிடம் மூன்றைப் பற்றியும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "எந்தக் கேமராவா இருந்தா என்ன மாமா, படத்துல நாங்கதானே இருக்கப் போறோம்?" என்றாள். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் திருச்சிக்குப் போய், கடைக்காரர் கதவைத் திறந்ததும், கைக்குக் கிட்டே இருந்த இரண்டு கண் கேமராவைக் கட்டச் சொன்னேன். "நேத்து அவ்வளவு நேரம் பாத்தீங்க, இன்னிக்கு என்ன சார், தொட்டுக்கூடப் பாக்கலை?" என்றார் அவர்.

நேற்று காலை பத்து மணிக்கெல்லாம் அன்னவாசலில் இருந்தேன். உன் மாமனார் போய்விட்டார். கொழுந்தன் குடும்பம் பெருகியிருக்கிறது. கூட்டிக் கழித்து அதே பதினாலு பேர். வாசலில் பெஞ்சு போட்டார்கள். அத்தான் உள்ளேயிருந்து கை வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"இதுலதான் மாப்ள அவள ஒக்கார வச்சிருந்தோம்."

"எதுக்கு அத்தான்?"

"எதுக்கா? நீங்க வந்து போட்டோ எடுக்கத்தான். அவளுக்குன்னு மொகம் தெரியிற படம் ஒண்ணுகூட இல்லையே. அவளும் எத்தனை தடவ கேட்டா. கண்டக்டர்கிட்ட அதத்தானே சொல்லிவிட்டேன், நாலு மணிக்குப் படம் எடுக்கணும், வரச் சொல்லுங்கன்னு. எறந்த சேதிய சித்தப்பா வர்ற வழியில ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாகன்னு நெனச்சேன்."

"சித்தப்பா என்னைப் பாக்கலை அத்தான். நான் முன்னாடியே வந்திருப்பேன்னு அவர் நெனச்சிருக்கார்."

"அதனால என்ன, கேமராவோடதானே வந்தீக" என்றார் அத்தான். குற்றமாகச் சொல்லவில்லை. நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு, "பாப்பா, இங்கிட்டு வா, நீ இதுல ஒக்காரு" என்று உன் மகளைக் கூப்பிட்டார். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

குனிந்து பார்த்தேன். எல்லோரும் அடங்கினார்கள். கொஞ்சம் இடம்கூட மிச்சம் இருந்தது. எடுக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அமுக்கினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு படச் சுருளில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். இன்று காலை அவள் திருச்சிக்குப் பஸ் ஏறிவிட்டாள். கழுவி அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அனுப்பிவிடுவேன்.

அக்கா, பத்து வருஷமாக நான் ஒரு சொல்லைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டதால்தான் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தூங்கினேன். இப்போது அதுவும் போயிற்று. நான் புரிந்துகொண்டது சரிதான். படம் எடுக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வேறு யாரோ செத்திருந்தாலும், யாருமே சாகாமல் இருந்தாலும், நான் அன்றைக்கு நாலே முக்காலுக்குத்தான் வந்திருப்பேன். இதை எழுதும்போதுகூட நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. மரத்துப்போய் இருக்கிறது.

நேற்று என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது அத்தான் மீதியையும் சொன்னார். உனக்குப் பட்டுச் சேலை கட்டி நாற்காலியில் உட்கார வைத்து, நீ சாய்ந்துவிடாமல் உன் மாமியார் பின்னாலிருந்து உன் தோளைப் பிடித்துக்கொண்டாராம். மற்றவர்கள் நீ எப்போதும் சொன்ன மாதிரியே உயரம் பார்த்து இரண்டு வரிசையாக நின்றார்களாம். வெயில் சாய்கிறது, இனித் தாமதிக்கக் கூடாது என்று சித்தப்பா சொல்ல, மாப்ள வந்துவிடுவார், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று அத்தான் நிறுத்தி வைத்தாராம். நாலு மணியிலிருந்து நாலே கால் வரை. அந்தப் படத்தை என்னால் இப்போது ஓரம்கூட விடாமல் பார்க்க முடிகிறது. நடுவில் நீ. பின்னால் பதின்மூன்று பேர். யாரும் அசையவில்லை, அக்கா. எடுக்கத்தான் ஆள் இல்லை.