எல்லாருக்கும், ஒருவரைத் தவிர

அன்பு மருமகளுக்கு, மாமா சொல்லச் சொல்ல எழுதியது.

அந்தப் புரோகிராம் எழுதிய வருஷம் எது என்று கேட்டிருந்தாய். அது, ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் ஒரு சாண் கீழே இறங்கி, லாரிகளெல்லாம் ஊரைச் சுற்றிப் போன வருஷம். அதே வருஷம்தான் நகராட்சி மோட்டார் எரிந்துபோனது. தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற என்னைப் பார்த்தவர்களெல்லாம், நானே குடித்துத் தீர்த்துவிட்ட மாதிரி ஏசினார்கள். எதிர் வீட்டுப் பல் டாக்டர் தன் வீட்டுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பெயின்ட் அடித்து, தெருவே சிரித்ததும் அப்போதுதான். நீ இந்த வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் மழைக்காலம் அது. பாலத்தைப் பழுது பார்த்த வருஷம் அங்கே கல்லில் வெட்டியிருக்கிறது. எழுதுகிறவர் கடைக்குப் போன வழியில் பார்த்துவந்து ஓரத்தில் எண்ணாகப் போட்டிருக்கிறார். ஃபைலின் தலையில் அதையே போட்டுக்கொள்.

எழுதுகிறவர் யார் என்று கேட்பாய். கீழ் போர்ஷனுக்குக் குடி வந்திருக்கிற தையல்காரம்மா. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் இந்த இரண்டு அறை வீட்டில் போன் பேசினால், அது உன் அத்தைக்கும் சேர்த்துப் பேசியதாகிவிடும். அதனால் இந்தம்மா மிஷினை நிறுத்திவிட்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறார்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. என் பிள்ளையும் அவன் சிநேகிதன் சோடாபுட்டியும் சேர்ந்து எழுதிய, பாய்லரில் பிரஷர் ஏறினால் மணி அடிக்கிற புரோகிராமை நீ இத்தனை வருஷமாகப் பழுது பார்த்துக் காப்பாற்றி வைத்திருக்கிறாய். யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, மற்றவருக்கும் கொடுக்கிற மாதிரி புரோகிராம்களை வைக்கிற பொது இடம் ஒன்று இருக்கிறது. அங்கே இதையும் வைக்கக் கேட்டாய். அவர்கள் திருப்பிவிட்டார்கள். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் எழுதியவர் பெயரும் வருஷமும், யார் எடுத்துக்கொள்ளலாம் என்கிற லைசென்ஸும் இருக்க வேண்டுமாம். அந்த மணிச் சத்தம் யாருடையது என்று தெரிய வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலே, லைசென்ஸில் இருக்கிற அந்த ஒரு வரி போக வேண்டுமாம். எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்தான், இன்னாரைத் தவிர என்று அங்கே வைக்கவே முடியாதாம். வரியை எடுக்க, உரிமை உள்ள அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பாய்லருக்கு இது வேண்டுமென்று கேட்டுக் காத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். சரிதானே?

முதலில் பெயர் விஷயம். பிரஷர் முள்ளைப் பார்க்கிற ஃபைல் என் பிள்ளையுடையது. மணியை அடிக்கிற ஃபைல் சோடாபுட்டியுடையது. எழுத்து தெரியாத கிழவனுக்கு இது எப்படித் தெரியும் என்று அந்த இடத்தார் கேட்டால், அவர்கள் போட்ட சண்டை என் காதில் விழுந்தது என்று சொல். சோடாபுட்டி ஏதோ பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து ஒரு துண்டை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டான். "அடுத்தவன் எழுதினதுக்கு நம்ம பேரா? தூக்கிப் போடு" என்றான் என் பிள்ளை. "டேய், யாருக்குடா தெரியப்போகுது?" என்று அவன். "எனக்குத் தெரியுமே" என்று இவன். சோடாபுட்டி அந்தக் கனமான கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, "இந்தா, இப்ப எனக்கும் ஒண்ணும் தெரியல, போதுமா?" என்றான். சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து முழுவதையும் புதிதாக எழுதினான். ஆகையால் அதில் வெளியார் சரக்கு எதுவும் இல்லை. அவன் பங்குக்கு அவன் மனைவி சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தாய். நல்ல மனுஷி. அவன் கண்ணை மூடிய பிறகு அந்த வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. போக வேண்டும்.

இனி அந்த வரி.

என் பிள்ளை வேலை பார்த்த சாய ஆலையில் நடந்தது உனக்குத் தெரியும். முள் ஏறினால் மணி அடிக்கும், அடித்தால் நெருப்பைத் தணிக்க வேண்டும், தணித்தால் சாயத் தொட்டிகளில் வேலை நிற்கும். "உன் மணியா எல்லாருக்கும் சம்பளம் குடுக்கும்?" என்று கேட்டு மேனேஜர் வயரைப் பிடுங்கிவிட்டதை, என் பிள்ளை வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அடுத்த வாரம் பாய்லர் வெடித்தது. அதற்குமேல் உனக்கு நான் எழுத ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீயும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.

அப்புறம் ஒருநாள் சோடாபுட்டி வந்து, புரோகிராமை வெளியே கொடுத்துவிடலாம் என்றான். "யார் யார் எடுத்துக்கலாம்னு ஒரு வார்த்தை எழுதணும், நீங்கதான் சொல்லணும்" என்றான். நீ உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். உன் அத்தைதான் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து, "உலகத்துக்கெல்லாம் குடு. அந்த ஆலைக்கு மட்டும் குடுக்காத. அவங்க கை அது மேல படக்கூடாது" என்றாள். அவன் மறுபேச்சில்லாமல் அப்படியே எழுதிக்கொண்டான். நீ இத்தனை நாளும் அது சோடாபுட்டியின் கோபம் என்று நினைத்திருக்கிறாய். அவனுக்குக் கோபப்படவே தெரியாதம்மா.

இதைச் சொல்லும்போது எழுதுகிற கை நின்றுவிட்டது. இந்தம்மாவின் வீட்டுக்காரர் போன வருஷத்திலிருந்து அதே ஆலையில், அதே பாய்லர் அறையில் வேலை பார்க்கிறார். ஆலை கைமாறிவிட்டது. அந்த மேனேஜரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பாய்லரும் வேறு. மணி மட்டும் இன்றுவரை கிடையாது. "அப்ப எங்க வீட்டுக்காரருக்கு இது கிடைக்காதாங்க?" என்று கேட்டார். நான் ஆறிப்போன டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவரே, "சரி, மேல சொல்லுங்க" என்றார்.

மேலே சொல்கிறேன். ஆலைச் சங்கு ஊதிய பிறகு இவர் வீட்டுக்காரரின் சைக்கிள் வரத் தாமதமானால் உன் அத்தை பால்கனியில் போய் நிற்கிறாள். துணி எடுக்கப் போகிறேன் என்பாள். கொடியில் ஒரு துணியும் இருக்காது. தெரு முனையில் சைக்கிள் திரும்பியதும் உள்ளே வந்துவிடுவாள். நான் ஏனென்று கேட்டதில்லை. இந்தம்மாவுக்கே இது இப்போதுதான் தெரிகிறது.

போன வாரம் உன் அத்தையிடம் பேச்செடுத்துப் பார்த்தேன். அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றேன். "யார் கேக்கறது?" என்றாள். நீதான் என்றேன். "ஏன், அவளுக்கு வாய் இல்லையா?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். நீ இன்னொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு கிளம்பிய நாளில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்ற வந்தேன், அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றோடு உங்கள் பேச்சு நின்றது. அதனால் இந்தச் சொல் உன்னை விரட்டச் சொன்னதா, வரச்சொல்லிச் சொன்னதா என்று, இத்தனை காலம் கூட வாழ்ந்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே, "அவ குழந்தைக்குப் பல்லு முளைச்சிருச்சாமா?" என்று கேட்டாள். உனக்குக் குழந்தை பிறந்த விஷயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

என் சம்மதம் இதோடு வருகிறது. அந்த வரியை எடுத்துவிடலாம். தெருவுக்குத் தண்ணீர் விட்டவன் நான். எனக்கு ஆகாதவன் வீடும் அதே குழாயில்தான் இருந்தது, அவன் வீட்டுக் குழந்தையும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. கீழே இடது கைப் பெருவிரலை வைத்திருக்கிறேன். "கைநாட்டு மாமா" என்று சோடாபுட்டி என்னைக் கிண்டல் செய்வான். இன்றைக்கு அவன் புரோகிராமுக்கே அந்தக் கைநாட்டு வேண்டியிருக்கிறது, பார்.

ஆனால் என் விரல் மட்டும் போதாது என்று நீயே எழுதியிருக்கிறாய். பிள்ளையின் பங்கு உனக்கும் எனக்கும் அவன் அம்மாவுக்கும் சேர்ந்தது. அவளுக்குப் பதிலாக நான் விரல் வைக்க மாட்டேன். நீ வாம்மா. கடிதம் போட்டுக் கேட்காதே, போனிலும் கேட்காதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா. கூச்சப்பட அவர் என்ன அந்நியரா? நம் வீட்டுக் கதவு இப்போது கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. பூட்டியிருப்பதாக நினைத்துத் திரும்பிப் போய்விடாதே, தள்ளினால் திறக்கும். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

மணிச் சத்தத்தைப் பற்றிய கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அது எங்கிருந்தும் எடுத்ததல்ல. நம் வீட்டு எவர்சில்வர் தட்டு. என் பிள்ளை கரண்டியால் தட்ட, சோடாபுட்டி ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கரண்டி பட்ட பள்ளம் இன்னும் அதில் இருக்கிறது. உன் அத்தை அந்தத் தட்டை வேறு யாருக்கும் வைப்பதில்லை, தான் மட்டும் சாப்பிடுகிறாள். சத்தம் முடிகிற இடத்தில் யாரோ ஒரு பெண் தூரத்தில் திட்டுவது கேட்கிறது, அது யார், அவர் சம்மதமும் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நிஜமாகவே உனக்குத் தெரியவில்லையா, இல்லை என் வாயால் வரட்டும் என்று கேட்டாயா, தெரியாது. "பசிச்சா வாயைத் திறந்து கேளுடா, தட்டை ஏன் உடைக்கிற?" என்பதுதான் அது. சோடாபுட்டி வெட்டிவிடப் போனான். "அது இருக்கட்டும்டா" என்று சொல்லி என் பிள்ளைதான் தடுத்தான். தட்டியவன் இல்லை. ரெக்கார்டரைப் பிடித்தவனும் இல்லை. அந்தச் சத்தத்துக்குள் இருந்த மூன்று பேரில் இன்னும் உயிரோடு இருப்பது, திட்டிய உன் அத்தை.